வாணம் தோண்டுமுன் ஒரு சோதனைக் குழி



மதுரையிலிருந்து வடக்கே வரும் சாலையில், வலப்புறம் சிறுமலைத் தொடர் உடன்வர, ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் கடந்ததும் சமவெளியின் நடுவே ஒரு பெரும்பாறை எழுந்து நிற்பதைக் காண்பீர்கள். திண்டு போல் கிடக்கும் கல் ஆதலால் திண்டுக்கல் எனப் பெயர் பெற்றது என்பர். மேற்கே பழனி மலைகள், கிழக்கே சிறுமலை, இடையே குடகனாறு பாய்ந்து அமராவதியோடு சேரும் சமவெளி. பாண்டிய நாட்டையும் கொங்கு நாட்டையும் இணைக்கும் வழி இதுவேயாதலால், படைகளும் வணிகர்களும் இவ்வூரைத் தொடாமல் சென்றதில்லை.

திண்டுக்கல்லைப் பற்றி எழுதுவோர் பூட்டையும் புகையிலையையும் தோல் பதனிடும் தொழிலையும் சொல்லாமல் விடுவதில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. நான் உங்களை இன்று அழைத்துச் செல்ல விரும்புவது ஊருக்கு மேலே உள்ளவற்றைக் காண்பதற்கு மட்டுமன்று. ஊருக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்பதற்காகவும்தான்.

கோட்டையும் பேகம்பூரும்

முதலில் பாறையின் மேலேறுவோம். மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605ஆம் ஆண்டில் இக்கோட்டையைக் கட்டத் தொடங்கினார் என்பது வரலாறு. திருமலை நாயக்கர் காலத்தில் அது மேலும் வலுப்பெற்றது. 1755இல் மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக வந்தார் ஹைதர் அலி. பிற்காலத்தில் தென்னகத்தையே நடுங்க வைத்த அவ்வீரர் தம் சொந்தப் படைபலத்தைப் பெருக்கிக் கொண்டது இந்த ஊரில்தான். ஆங்கிலேயர் இக்கோட்டையை 1767, 1783 ஆகிய ஆண்டுகளில் பிடித்துப் பிறகு மைசூரிடம் விட்டனர். 1790இல் மீண்டும் கைப்பற்றினர். 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திண்டுக்கல் சீமை முழுவதும் அவர்கள் வசமாயிற்று.

மேலே நின்று கீழே பாருங்கள். பாறையைச் சூழ்ந்து வீடுகளும் கடைகளும் தெருக்களும் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒரு பகுதி பேகம்பூர். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அங்கு அடங்கியிருப்பதால் அப்பெயர் வந்தது. அங்குள்ள பெரிய பள்ளிவாசல் ஹைதர் காலத்தது. தொழுகைக்கு வரும் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் அதைப் பற்றிச் சொல்ல ஒரு செய்தி உண்டு. ஆக, இவ்வூரின் முந்நூறு, நானூறு ஆண்டு வரலாற்றுக்குக் கோட்டைச் சுவர்களும் பள்ளிவாசலும் சாட்சியாக நிற்கின்றன. கல்லாகவும் சுண்ணாம்பாகவும் கண்முன் நிற்பதை எவரும் மறுக்க இயலாது.

ஆனால் மதிலும் மினாராவும் எழுப்பியவர்கள் மட்டுமா இவ்வூரில் வாழ்ந்தார்கள்? படைக்கு அடுப்பு மூட்டியவர்கள், குதிரைக்கு லாடம் அடித்தவர்கள், பானை வனைந்தவர்கள், தோல் பதனிட்டவர்கள், அவர்தம் மனைவி மக்கள் ஆகியோர் எங்கே? அவர்களுக்கு மதிலும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அவர்கள் உடைத்தெறிந்த சட்டியும் தொலைத்த காசும் வெட்டிய கிணறும் நம் வீடுகளின் தரைக்குக் கீழே கிடக்கின்றன. அவர்களுடைய வரலாற்று ஏடு அந்த மண்தான்.

ஒரு பானை சொன்ன செய்தி

மண்ணில் கிடப்பது உடைசல்தானே என்று எண்ணுவோரைப் பழனிக்கு அப்பால் உள்ள பொருந்தல் என்னும் சிற்றூருக்கு அழைத்துச் செல்ல வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்திலேயே, பழனியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தென்மேற்கே மலையடிவாரத்தில் உள்ளது அவ்வூர். 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் அங்கு அகழாய்வு நடைபெற்றது. பழங்கால ஈமக்குழி ஒன்றில் நான்கு கால்களையுடைய சாடி கிடைத்தது. அதனுள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல்! அக்குழியிலேயே தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மண்பிரிமனையும் இருந்தது. நெல்மணிகளை அமெரிக்காவிலுள்ள ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பிக் கணித்தபோது அவற்றின் காலம் கி.மு. 490 என வந்தது. இன்னொரு குழியின் நெல் கி.மு. 450 என்றது. எழுத்தின் பழமையைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் தொடர்ந்தபோதிலும், தமிழெழுத்தின் தோற்றம் குறித்து இன்று எழுதும் எவரும் பொருந்தலைத் தாண்டிச் செல்ல முடியாது. அதே ஊரில் கண்ணாடிப் பாசிமணி உருக்கிய உலையும் ஆயிரக்கணக்கான மணிகளும் வெளிப்பட்டன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தச் சாடி ஒரு பொக்லைன் வாளியில் அள்ளப்பட்டுச் சரளை மண்ணோடு லாரியில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நெல் சிதறியிருக்கும். பிரிமனை உடைந்திருக்கும். இரண்டும் ஒரே குழியில் ஒன்றாக இருந்தன என்ற உண்மையே மறைந்திருக்கும். பொருளைவிட, அது எந்த அடுக்கில் எதனோடு கிடந்தது என்பதே பெரிது. தனியே கிடைக்கும் காசு காட்சிக்கு உதவும். இடத்தோடு கிடைக்கும் காசுதான் சாட்சி சொல்லும்.

பொருந்தல் சிற்றூர் ஆதலால் அங்கு அமைதியாகத் தோண்ட முடிந்தது. உலகறிந்த கீழடியும் அப்படியே. 2014ஆம் ஆண்டுக்கு முன்பே வைகையின் இரு கரைகளிலும் ஆய்வு செய்த இந்தியத் தொல்லியல் துறையினர் 293 இடங்களில் தொன்மைத் தடயங்களைக் கண்டனர். அவற்றுள் அகழ்வதற்குத் தேர்ந்த கீழடி தென்னந்தோப்பாக இருந்தது. மேலே கட்டடங்கள் எழவில்லை. அதனால் செங்கல் சுவர்களும் உறைகிணறுகளும் நமக்குக் கிடைத்தன. ஆனால் மதுரை மாநகரின் நடுவிலோ திண்டுக்கல்லின் பழைய தெருக்களிலோ அப்படி விரிவாகத் தோண்டிப் பார்க்க இயலுமா? மக்கள் வாழும் வீடுகளை யார் இடிப்பார்? ஆகவே வாழும் நகரத்தின் மண் திறக்கும் வேளை ஒன்றே ஒன்றுதான்: பழைய வீட்டை இடித்துப் புதிய வீட்டுக்கு வாணம் தோண்டும் அந்த இரண்டு மூன்று நாள்கள். அதையும் விட்டுவிட்டால் காங்கிரீட் மூடிவிடும். அடுத்த வாய்ப்பு நம் பேரப் பிள்ளைகளுக்கும் கிடைக்காமற் போகலாம்.

சோதனைக் குழி என்றால் என்ன?

பெரிய அகழாய்வுக்கு ஆண்டுக் கணக்கில் காலமும் பெரும்பொருளும் வேண்டும். சோதனைக் குழி அப்படியன்று. கட்டடம் எழவிருக்கும் மனையில் முதலில் நடந்து பார்ப்பார்கள். பானை ஓடுகள், பழஞ்செங்கல், சாம்பல் மண் தென்படுகிறதா என நோக்குவார்கள். பழைய நில அளவை வரைபடத்தையும் ஊர்ப் பெரியவர்களின் நினைவையும் கேட்பார்கள். நத்தமேடு, பாசிமேடு, சாம்பல்மேடு என்று நம் முன்னோர் இட்ட பெயர்களே பாதி விடை தந்துவிடும். கங்கைகொண்ட சோழபுரத்தருகே மாளிகைமேடு என்று மக்கள் அழைத்த இடத்தில்தான் சோழர் அரண்மனையின் அடித்தளம் வெளிப்பட்டது.

பிறகு மனையில் இரண்டோ மூன்றோ சிறு குழிகள், இரண்டு மீட்டர் சதுரமளவில் தோண்டப்படும். மண்வெட்டியால் வெட்டி எறியாமல், கரணையாலும் தூரிகையாலும் அடுக்கடுக்காக மண்ணை எடுப்பார்கள். மனிதர் கைபடாத இயற்கை மண் வரும்வரை அது தொடரும். குழியின் பக்கச் சுவரைச் சீராகச் செதுக்கினால் மண்ணடுக்குகள் ஒரு நூலின் பக்கங்களைப் போல் தெரியும். மேலே நம் காலத்துப் பிளாஸ்டிக். அதன் கீழ் ஆங்கிலேயர் காலத்துச் சீசாத் துண்டு. அதற்கும் கீழ் யானை பொறித்த திப்புவின் செப்புக்காசு கிடைத்தால் அந்த அடுக்கின் காலத்தைச் சொல்ல வேறு சான்று பெரிதாக வேண்டியதில்லை. இன்னும் கீழே போனால் கருப்பு சிவப்பு மட்கலம் வருமா, வெறும் சரளை வருமா? அதை அறியத்தான் குழி.

முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்றும் இல்லையெனில் அன்றே கட்டட வேலை தொடங்கலாம். ஓரளவு தடயம் இருப்பின், அடித்தளம் இறங்கும் இடத்தை மட்டும் முறையாக அகழ்ந்து பதிவு செய்துவிட்டுக் கட்டலாம். அரிய சுவரோ கிணறோ தென்பட்டால், தூணைச் சற்றுத் தள்ளி வைத்தோ தளத்தை உயர்த்தியோ அதைக் காத்தபடியே கட்டலாம். கட்டடத்தைத் தடுப்பதற்காக எழுந்த முறையன்று இது. வேலை பாதியில் நிற்கும் இழப்பைத் தவிர்ப்பதற்கான முறை.

உலகம் கற்ற பாடம்

இங்கிலாந்தின் வட பகுதியில் யார்க் என்னும் தொன்னகரம் உண்டு. அங்கு கடைவளாகம் ஒன்று எழவிருந்த காப்பர்கேட் என்ற தெருவில் 1976 முதல் 1981 வரை அகழ்ந்தார்கள். ஈர மண்ணில் கெடாதிருந்த மரவீடுகளும் தோற்செருப்புகளும் ஆயிரமாண்டுக்கு முந்தைய கைவினைஞர் வாழ்க்கையை அப்படியே காட்டின. பிறகு கடைவளாகமும் எழுந்தது; அதன் அடியிலேயே 1984இல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. 1990 நவம்பரில் இங்கிலாந்து அரசு ஒரு வழிகாட்டு நெறியை வெளியிட்டது. கட்டட அனுமதி பற்றி முடிவெடுக்குமுன் மண்ணைச் சோதித்தறிய வேண்டும் என்பதும், அதன் செலவைக் கட்டுவோரே ஏற்க வேண்டும் என்பதும் அதனால் நடைமுறையாயின.

இஸ்தன்பூலின் செய்தி இன்னும் வியப்பானது. பாஸ்பரஸ் நீரிணையின் அடியில் செல்லும் இரயில் பாதைக்காக யெனிகபி என்ற பகுதியில் 2004 முதல் மண்ணைத் திறந்தபோது, பைசாந்தியர் காலத்துத் துறைமுகம் ஒன்று முழுமையாக வெளிப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையிலான 37 மரக்கலங்கள்! அதற்கும் கீழே ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோரின் காலடித் தடங்கள். திட்டம் சில ஆண்டுகள் தாமதமானது உண்மை. எனினும் 2013 அக்டோபர் 29 அன்று இரயிலும் ஓடியது. நகரின் வரலாறும் புதிதாக எழுதப்பட்டது. இரண்டில் ஒன்றை இழக்க வேண்டியிருக்கவில்லை. நம் அண்டை நாடான இலங்கையிலும் பெருந்திட்டங்களுக்கு முன் தொல்லியல் தாக்கத்தை மதிப்பிடுவதற்கான விதிகள் 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன.

நம் நாட்டின் நிலை யாது? 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. அதன்படி, மைய அரசால் பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழக்கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு முன்னனுமதி வேண்டும். திண்டுக்கல் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் பாறையைச் சூழ்ந்த பகுதிக்கு இவ்விதி பொருந்தும். மிக நல்ல விதி. ஆனால் அந்த வட்டத்திற்கு வெளியே வீடு கட்டுபவர் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. சட்டம் தூரத்தை அளக்கிறது, ஆழத்தை அளப்பதில்லை. பழைய பேட்டைகளோ கோட்டைச் சுவரோடு நின்றுவிடவில்லை.

அச்சங்கள் மூன்று

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பகுதியில் ஒரு பழைய வீட்டை இடித்து வாணம் தோண்டிக் கொண்டிருந்தார்கள். மாணவர்களோடு அவ்வழியே சென்றபோது, குழியின் ஓரத்தில் அகலமான பழஞ்செங்கற்களால் வளைவாகக் கட்டிய சுவர் ஒன்று தெரிந்தது. கிணறாக இருக்கலாம். வீட்டுக்காரர் நல்ல மனிதர். என்னைத் தனியே அழைத்து, "ஹஜ்ரத், நாலு பேருக்குத் தெரிஞ்சா வேலை நின்னு போயிடும். பேங்க் கடன் ஓடிக்கிட்டிருக்கு. பிள்ளை கல்யாணத்துக்குள்ள குடி போகணும்" என்றார். மாலைக்குள் அந்தச் சுவர் டிராக்டரில் ஏறிப் போய்விட்டது. அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவருடைய அச்சத்தைப் போக்கும் ஏற்பாடு எதுவும் நம்மிடம் இல்லையே!

எனவே அச்சங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலாவது, நிலம் பறிபோகும் என்பது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்பட்டால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அப்பொருளை அரசு எடுத்துக்கொள்ளுமாயின், மூலப்பொருளின் மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கைச் சேர்த்து, உரியவருக்குத் தர வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. அது பொருளைப் பற்றிய சட்டம். நிலத்தைப் பறிக்கும் சட்டமன்று. ஓரிடத்தைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க வேண்டுமானாலும், மைய அரசு முன்னறிவிப்புத் தந்து ஆட்சேபணைக்கு இரண்டு மாதக் காலம் விட வேண்டும். உடைந்த பானைக்காக ஒருவருடைய வீட்டு மனை ஓரிரவில் போய்விடாது. ஆயினும் சோதனைக் குழியின் செலவையும் காத்திருப்பையும் சிறு வீடு கட்டும் ஏழையின் தலையில் கட்டுவது நீதியாகாது. பெருவளாகம் கட்டுவோர் தாமே ஏற்கட்டும். சிறியோருக்கு அரசே செய்து தரட்டும்.

இரண்டாவது அச்சத்தை நம் சமுதாயத்தார் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் மனத்தில் உண்டு. அகழாய்வு என்ற சொல்லைக் கேட்டதும் அயோத்தி நினைவுக்கு வருகிறது. 2003ஆம் ஆண்டில் அலகாபாத் உயர் நீதிமன்ற ஆணைப்படி அங்கு அகழ்ந்ததும், அந்த அறிக்கை கடும் விவாதத்திற்கு உள்ளானதும் நாம் அறிந்தவை. வழக்குக்கு விடை தேடி மண்ணைத் தோண்டும்போது, ஒவ்வொரு கல்லும் ஒரு தரப்பின் கட்சிக்காரர் ஆகிவிடுகிறது. அந்த வேதனை நமக்குத் தெரியும். ஆனால் சோதனைக் குழி யாருடைய உரிமையையும் விசாரிப்பதில்லை. இங்கு முன்பு வாழ்ந்தோர் யார், எப்படி வாழ்ந்தனர் என்பதை எழுதி வைக்கிறது, அவ்வளவே. முறையான பதிவு முன்பே இருக்குமானால், பின்னாளில் எவரும் இல்லாததைச் சொல்லிப் பகை மூட்டவும் இயலாது. பதிவைக் கண்டு அஞ்ச வேண்டியவர்கள் நாம் அல்லர். இம்மண்ணில் நம் முன்னோர் எத்தனை காலமாக அண்டை அயலாரோடு கலந்து வாழ்ந்தனர் என்பதற்கு அழியாத சான்று அந்த மண்ணிலும்தான் இருக்கிறது.

மூன்றாவது, அடங்கியோரின் கண்ணியம். கப்றுகளைத் தோண்டுவதை நாம் வெறுக்கிறோம். சரியே. ஆனால் எண்ணிப் பாருங்கள்: பழைய ஊர்களில் மையவாடியின் எல்லை சுருங்கியும் மறந்தும் போயிருக்கிறது. முன்பின் பாராமல் பொக்லைன் இறங்கினால்தான் எலும்புகள் லாரியில் ஏறும். சிறு குழியிட்டு முன்பே அறிந்துகொண்டால், அவ்விடத்தைத் தொடாமல் விட்டுவிடலாம். மையித்தின் கண்ணியத்தைக் காப்பதும் அந்த முன்னறிவுதான்.

நம்மால் இயன்றவை

வாசக நேயர்களே! அரசு செய்ய வேண்டியது ஒன்றுண்டு. திண்டுக்கல் 2014இல் மாநகராட்சியாயிற்று. கட்டட அனுமதிக்கு வரைபடம் கேட்கும் அலுவலகம், பழைய தெருக்களில் வாணம் தோண்டும் நாளையும் முன்கூட்டிக் கேட்டு, 1961ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் மாநிலத் தொல்லியல் துறைக்கு ஒரு தாள் அனுப்பினால் போதும். துறையினர் வந்து பார்க்க ஒரு வாரம் ஒதுக்கலாம். அருகிலேயே காந்திகிராமப் பல்கலைக்கழகமும், மதுரையில் காமராசர் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. மாணவர்களைப் பழக்கினால் ஆள் பற்றாக்குறை என்ற சாக்கும் இராது.

நாம் செய்ய வேண்டியது அதனினும் எளிது. தமிழகமெங்கும் கல்தூண் பள்ளிவாசல்கள் இடிக்கப்பட்டுக் காங்கிரீட் பள்ளிகள் எழுகின்றன. இட நெருக்கடி உண்மைதான்; விரிவாக்க வேண்டாம் என எவரும் சொல்லவில்லை. ஆனால் கடப்பாரை விழுமுன் ஜமாஅத்தார் நான்கு காரியங்கள் செய்யலாம். தூணையும் நிலையையும் படமெடுத்து அளந்து வைத்தல். கல்வெட்டு எம்மொழியில் இருந்தாலும் படியெடுத்தல். முதியோர் கூறும் செய்தியை எழுதி வைத்தல். அடித்தளம் தோண்டுமுன் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதி, சோதனைக் குழிக்கு அழைத்தல். இந்த நான்குக்கும் ஆகும் செலவு, திறப்பு விழாவின் பந்தல் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் வாணம் தோண்டினால் சற்று நின்று பாருங்கள். பானை ஓடோ பழங்காசோ கண்டால், பையில் போட்டுக் கொண்டு வராதீர்கள். அது கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, படமெடுத்து, வீட்டுக்காரரின் இசைவோடு உரியவர்க்குத் தெரிவியுங்கள். அவர் தயங்கினால் மேலே கூறிய சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

பூட்டுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். சாவி கையில் இருக்கும்போது பூட்டை உடைப்பவனை இவ்வூர்க் கைவினைஞர் அறிவிலி என்பார்கள். நம் காலடி மண்ணும் அப்படிப்பட்டதே. வாணம் தோண்டும் வேளையில் அது தானாகத் திறக்கிறது. பொறுமையோடு பார்ப்பதா, பொக்லைனால் உடைப்பதா என்பது நம் கையில். நமக்கு முன் வாழ்ந்தோரை அறிந்துகொள்ளவும், நமக்குப் பின் வருவோர்க்கு அதனை விட்டுச் செல்லவும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக!